இடுப்பு முதலில் வந்தது

சாரம், புதுச்சேரி
11 ஜூன் 2007

செல்வி ஹேமலதா அவர்களுக்கு,

வணக்கம். நான் கலைவாணன், நாவல் எழுதுகிறவன். உங்கள் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் என் பெயர் இருக்கிறது. இருந்தாலும் முறைக்கு என்னை அறிமுகம் செய்துகொள்கிறேன்.

அந்தச் சிற்றிதழை எனக்கு அனுப்பி வைத்தவர் உங்கள் ஆய்வு நெறியாளர் வைத்திலிங்கம். என் நெடுநாளைய நண்பர். "நம்ம ஸ்டூடண்ட்தான், கொஞ்சம் வேகமா எழுதிட்டா, மனசுல வச்சிக்காதீங்க" என்று ஒரு சீட்டும் உள்ளே செருகியிருந்தார். மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

'இடுப்பு முதலில் வந்தது' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். என் நாவல்களில் ஒரு பெண் அறைக்குள் நுழையும்போது அவளுக்கு முன்பே அவள் இடுப்பு நுழைந்துவிடுகிறது என்கிறீர்கள். 'கழிமுகத்து வேம்பு'வில் மீன்கூடை சுமந்துவரும் வேம்புவை ஒரு பக்கம் முழுக்க நடக்கவிட்டிருக்கிறேன், ஆனால் கூடை கனத்ததா என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை என்கிறீர்கள். அப்படி இருக்காது என்று புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான். அதனால் என்ன? தலையில் கூடை இருந்தால் கனக்கும் என்பது வாசகருக்குத் தெரியாதா? நான் என்ன தராசு பிடித்துக்கொண்டா எழுத வேண்டும்?

வேம்பு நிஜமாக இருந்தவள். அந்தப் பெண் கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுவருவாள். அப்போது நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தேன். ஜன்னலோரம் என் மேசை. அவள் போவதை அநேகமாகத் தினமும் பார்ப்பேன். அழகாக இருந்தாள். அழகை அழகென்று எழுதினேன். அது குற்றம் என்று இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

உங்களுக்கு என்ன வயது? என் நாவல்கள் எல்லாவற்றையும் படித்தீர்களா? இப்படி ஒரு கட்டுரை எழுத உங்களைத் தூண்டியது எது? கடைசிக் கேள்வியை வம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நீங்கள் இருக்கும் லாஸ்பேட்டை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் நேரில் வர வேண்டாம். எனக்குக் காது மந்தம். என்னோடு பேசுகிறவர்கள் கத்த வேண்டியிருக்கிறது. கத்துகிறவர்கள் நினைத்ததை முழுக்கச் சொல்வதில்லை, சுருக்கிவிடுகிறார்கள். ஆகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கலைவாணன்


லாஸ்பேட்டை
19 ஜூன் 2007

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று அப்பா பயந்துவிட்டார். அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கையால் முகவரி எழுதிய நீளமான உறை என்றாலே அவருக்குப் புகார் மனுதான். "யாரையாவது எதையாவது எழுதி வச்சிட்டியா?" என்று கேட்டார். எழுதி வைத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு இருபத்தேழு வயது. உங்கள் நாவல்களில் 'பட்டறைத் தெரு' தவிர எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். உங்கள் முதல் நாவலான அது மட்டும் எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை. மறுபதிப்பும் வரவில்லை.

அந்தக் கட்டுரை என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம். ஏன் எழுதினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வேட்டில் எழுத முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பதினோராம் வகுப்புப் படிக்கும்போது 'கழிமுகத்து வேம்பு' கையில் கிடைத்தது. இரண்டே நாளில் படித்து முடித்தேன். அம்மா வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம் பீரோக் கண்ணாடி முன்னால், சமையலறைக் குண்டானைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். வேம்பு நடந்தால் தெருவே அவள் இடுப்புக்குத் தாளம் போடும் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் குலுங்கியது. நான் அப்போதும் பருமன், இப்போதும் பருமன். அன்றைக்கு உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. என் இடுப்பின்மேல் வந்தது. அதற்குப் பிறகு வெகு காலம் தெருவில் நடக்கும்போது, நடப்பவளாகவும் பின்னாலிருந்து பார்ப்பவளாகவும் நானே இருந்தேன். அந்தப் பின்னாலிருந்து பார்க்கும் கண் யாருடையது என்று யோசித்ததில் பிறந்ததுதான் கட்டுரை.

உங்கள் நாவல்களில் பருமனான பெண்களும் உண்டு. இட்லிக்கடைப் பெரியநாயகி, 'மஞ்சள் வீட்டுக்காரி'யில் வரும் மூத்த நாத்தனார். உட்கார்ந்தால் நாற்காலி முனகும். வாசகர் சிரித்து முடித்ததும் அவர்கள் கதையிலிருந்து போய்விடுவார்கள்.

நானும் ஒன்று கேட்கலாமா? வேம்புவைக் காதலிக்கும் குமாஸ்தா ஆதிமூலம் நாவல் முழுக்க வருகிறார். அவர் மூக்குக் கண்ணாடி போடுகிறவர், சிகரெட் பிடிக்கிறவர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தொப்பை உண்டா? பல் சொத்தை உண்டா? வேம்பு ஒரு தடவையாவது அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பாள் இல்லையா? என்ன பார்த்தாள்?

பணிவுடன்,
ஹேமலதா


சாரம்
2 ஜூலை 2007

செல்வி ஹேமலதா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி அமுதவல்லியிடம், "ஆதிமூலத்துக்குத் தொப்பை இருந்திருக்குமா?" என்று கேட்டேன். "யாரு அது?" என்றாள்.

உட்கார்ந்து யோசித்தேன். ஆதிமூலத்தின் உடம்பு எனக்குக் கண்ணில் வரவே இல்லை. அவனுடைய எண்ணங்கள் வருகின்றன, குரல் வருகிறது. கழுத்துக்குக் கீழே புகை மாதிரி இருக்கிறான். இது எனக்கு வினோதமாக இருக்கிறது. அவனை எழுதும்போது நான் அவனுக்குள்ளே இருந்தேன். உள்ளே இருக்கிறவனுக்கு வெளித்தோற்றம் எதற்கு என்று வாதம் செய்யலாம். செய்தால் நீங்கள் உடனே, அப்படியானால் வேம்புவுக்குள்ளே ஏன் இருக்கவில்லை என்று கேட்பீர்கள். எனவே அந்த வாதத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தலைமுதல் கால்வரை வருணிப்பது நம் மொழியில் நான் கொண்டுவந்த பழக்கம் இல்லை. கடவுளையே அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். ஆசையை எடுத்துவிட்டால் நாவலில் எஞ்சுவது பத்திரப் பதிவு மொழிதான். அதை நான் அலுவலகத்தில் போதுமான அளவு எழுதிவிட்டேன். நீங்கள் என் பக்கங்களைத் தையற்காரர் டேப்பை வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள். அதைப் பார்த்துப் பெண்ணின் உடம்பைப் பற்றி இனி எந்த ஆணும் எழுதவே கூடாது என்று முடிவு கட்டினால் நஷ்டம் யாருக்கு?

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த மீன்காரப் பெண்ணின் பெயர் வேம்பு இல்லை. என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அவள் ஒரு நாளும் என்னை ஏற இறங்கப் பார்த்ததில்லை.

உங்கள் கண்ணாடி விஷயத்தைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. அது என் உத்தேசம் இல்லை என்று சொல்வதில் பயனில்லை என்பதால் சொல்லவில்லை.

'பட்டறைத் தெரு'வைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் ஒரே பிரதி, பத்திரம். உங்கள் கட்சிக்கு அது உதவாது என்று நினைக்கிறேன். படித்துவிட்டு எழுதுங்கள்.

வைத்திலிங்கம் வந்திருந்தார். ஜனவரியில் எனக்கு எடுக்கும் பாராட்டு விழாவைப் பற்றிப் பேசினார். "அந்தப் பொண்ணு சேப்டரை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் அவருக்கு இன்னொரு காபி கொடுத்தேன்.

கலைவாணன்


லாஸ்பேட்டை
20 ஜூலை 2007

மதிப்பிற்குரிய ஐயா,

'பட்டறைத் தெரு' கிடைத்தது. இரவலுக்கு நன்றி. அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

பஞ்சாலையில் வேலை பார்க்கும் தனம், பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே வேலைக்குத் திரும்பும் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை. நீங்கள் எழுதியதை உங்களுக்கே எடுத்து எழுதுகிறேன்:

"சங்கு ஊதியது. தனத்தின் ரவிக்கை தானாக நனைந்தது. தொட்டிலில் பிள்ளை வாயைத் திறந்திருக்கும் என்பது அவளுக்கு முன்பே அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அறுந்த நூலைத் தேடினாள்."

இதில் தனத்தை யாரும் பார்க்கவில்லை. அழகு இல்லை, அசிங்கமும் இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது, ஆலை தன் வேலையைச் செய்கிறது, நடுவில் அவள் நிற்கிறாள். கால் வீங்குவதும் செருப்பின் வார் பதிவதும் அதே அத்தியாயத்தில் வருகின்றன. இதை எழுதியவரும் வேம்புவின் இடுப்பை எழுதியவரும் ஒரே ஆள் என்று நம்ப முடியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது ஐயா? யார் சொன்னார்கள்?

என் வாதம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஆவலாக இருக்கிறது. ஆனால் வைத்திலிங்கம் சார் சந்தோஷப்படுகிறார். அறைக்குக் கூப்பிட்டு, "பாத்தியா? வேம்பு சேப்டரத் தூக்கிட்டு இத வையி. எல்லாருக்கும் நல்லது" என்றார். இரண்டையும் வைக்கிறேன் சார் என்றேன். "விழா நேரத்துல இது என்னாத்துக்கும்மா? கையெழுத்து நான்தானே போடணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சாரின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் காபித் தட்டோடு நடக்கவிட்டுப் பார்த்தார். "பொண்ணு லட்சணம். கொஞ்சம் எளச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். எங்கேயோ படித்த வாக்கியம் போல இருந்தது. அனுதாபத்துக்காக இதை எழுதவில்லை. இரண்டு காரியமும் ஒரே வாரத்தில் நடந்தன, அவ்வளவுதான்.

ஹேமலதா


சாரம்
28 ஜூலை 2007

அன்புள்ள ஹேமலதாவுக்கு,

யார் சொன்னார்கள் என்று கேட்கிறீர்கள். ஒரு பெண் சொல்லாமல் ஓர் ஆணுக்குத் தெரிந்திருக்காது என்பது உங்கள் தீர்மானம். யாரும் சொல்லவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில் எனக்கு வேலை இல்லை. நான் பிரெஞ்சுப் பள்ளியில் ப்ரெவே பரீட்சை தேறியவன். வெள்ளைக்காரன் போன பிறகு அந்தப் படிப்பை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாமல் எங்களில் பலர் சும்மா இருந்தோம். அமுதவல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எங்கள் பையன் ஹரிகிருஷ்ணன் பிறந்து அவள் வேலைக்குத் திரும்பியதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது நான். தொட்டிலாட்டினேன், துணி அலசினேன், சங்கில் பசும்பால் புகட்டினேன். அவன் அதைத் துப்பிவிட்டு அழுவான். சாயங்காலம் அவள் படியேறி வரும்போது முந்தானையை முன்னால் பிடித்துக்கொண்டு வருவாள். ரவிக்கை நனைந்திருக்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். எக்ஸ்சேஞ்சை ஆலையாக்கினேன், அமுதவல்லியைத் தனமாக்கினேன். அவ்வளவுதான்.

பிறகு பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பையனைப் பார்த்துக்கொள்ள என் தங்கை வந்தாள்.

'பட்டறைத் தெரு' விற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் கடிதம் எழுதவில்லை. வேம்புவுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. வாசகர்கள் எதைக் கேட்டார்கள் என்பதையும் உங்கள் ஆய்வில் ஓரமாகவாவது வையுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் வைத்திலிங்கத்திடம் நான் பேசலாம். இன்னும் பேசவில்லை. ஒளிக்காமல் சொன்னால், அந்த அத்தியாயம் இல்லாமல் போனால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் அதில் அடுத்து என்ன எழுதுவீர்கள் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

மாப்பிள்ளை என்ன செய்தார்? அவரை யாராவது நடக்கவிட்டுப் பார்த்தார்களா?

கலைவாணன்


லாஸ்பேட்டை
14 ஆகஸ்டு 2007

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் வந்த கையோடு ஓர் அத்தியாயம் எழுதி முடித்தேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது நீங்கள் எழுதியது ஒரு மாதிரி, ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது எழுதியது வேறு மாதிரி. எழுத்தாளரின் கை என்ன வேலை செய்கிறதோ அதற்கேற்பத்தான் அவர் கண் பார்க்கிறது. இதுதான் வாதம். எனக்கே மிகவும் பிடித்துப்போய் இரண்டு தோழிகளுக்குப் படித்தும் காட்டினேன்.

நேற்று உங்கள் மனைவி வந்தார்.

நீங்கள் அனுப்பித்தான் வந்தார் என்று முதலில் நினைத்தேன். இல்லையென்று பிறகு தெரிந்தது. ஷேர் டெம்போவில் வந்து இறங்கி, எங்கள் அரசுக் குவார்ட்டர்ஸ் முழுக்க விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "நீதான் ஹேமலதாவா? உன் பேச்சு எடுத்தாலே அவரு பயப்படறதப் பாத்து ஒல்லியா வெடவெடன்னு இருப்பேன்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

உட்கார்ந்து காபி குடித்தார். பிறகு, "அந்தப் பட்டறைத் தெருவக் குடுத்துடு. பீரோவுல பாத்தா காணல. எனக்குத் தெரியாம அனுப்பி இருக்காரு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அது எவ்வளவு நல்ல நாவல் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். சங்கு ஊதும் இடத்தைச் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"எக்ஸ்சேஞ்சுல போர்டுல உக்காந்தா நெனச்ச நேரத்துக்கு எழுந்திரிக்க முடியாது. மாத்தி விட ஆள் வரணும். நனஞ்சிடும். துணிய மடிச்சு உள்ள வச்சிப்போம். அது எங்க பொம்பளைங்க நாலஞ்சு பேருக்குள்ள இருந்த விஷயம். இந்தப் புத்தகம் வந்துது. யாரும் வாங்கலன்னு இவரு சொல்வாரு. எங்க ஆபீஸ்ல வாங்கினாங்க. ஒரு நாள் உள்ள நொழையறேன், ஒரு கிளார்க்கு, 'என்னம்மா, சங்கு ஊதிட்டாங்களா?'ன்னு கேக்கறான். அந்த ஹாலே சிரிக்குது. அந்த வருஷம் பூரா அவன் அதயே கேட்டான்."

காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"வூட்டுக்கு வந்து கேட்டேன், எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களான்னு. 'அது தனம், நீ இல்ல'ன்னாரு. அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே இந்த வூட்டுல நடக்கறத எழுதக் கூடாதுன்னு. எழுதல. நானும் அதுக்கப்புறம் அவரு எழுதினது ஒண்ணத்தையும் படிக்கல."

கிளம்பும்போது, இதை என் ஆய்வில் சொல்லலாமா என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

ஐயா, இப்போது நான் என்ன செய்வது? உங்கள் புத்தகங்களில் எதை மிக நேர்மையானது என்று எழுதி வைத்தேனோ அதுதான் ஒரு பெண்ணை அலுவலகத்தில் தலைகுனிய வைத்திருக்கிறது. பிறகு நீங்கள் வீட்டை விட்டு ஜன்னலுக்குப் போனதில் அவர் போட்ட தடைக்கும் பங்கு இருக்கிறது. தொட்டில், ஜன்னல் என்று நான் கட்டிய அத்தியாயம் சரிந்துவிட்டது. நீங்கள் எனக்குப் பாதிக் கதையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை ஏன் எழுதவில்லை? அவரிடம் கேட்கவே இல்லையா?

ஹேமலதா


சாரம்
16 செப்டம்பர் 2007

அன்புள்ள ஹேமலதாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதுதான் காரணம்.

மீதிக் கதை எனக்கு ஒரு குடும்பச் சண்டையாகத்தான் நினைவில் இருந்தது. அமுதவல்லி கோபித்துக்கொண்டாள், சில வாரம் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டது என்று. அந்தக் கிளார்க்கைப் பற்றி உங்கள் கடிதத்தில்தான் படித்தேன். அவள் என்னிடம் சொன்னதில்லை. அல்லது சொல்லி, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது எனக்குக் காது நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் கேட்டேன். "பையன் பொறந்து நீ வேலைக்குப் போன அந்தச் சமயத்துல உனக்கு எப்படி இருந்துச்சு?" இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாவலாசிரியன் கேட்கிறானா புருஷன் கேட்கிறானா என்று அவளும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக உரக்கச் சொன்னாள். எதிர் வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"வலிச்சுது" என்றாள். "பாலு கட்டிக்கிட்டு கல்லு மாதிரி ஆயிடும். கையத் தூக்கி போர்டுல ப்ளக்கு செருக முடியாது. ஜொரம் அடிக்கும். நனஞ்சாத்தான் அப்பாடான்னு இருக்கும். நீங்க நனஞ்சத மட்டும் எழுதினீங்க."

நான் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அது இப்போது அவள் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது, கேட்டுத்தான் எடுத்தேன். தனத்துக்கு எங்கேயும் வலிக்கவில்லை. ரவிக்கை நனைவதை அவளுடைய துக்கமாக எழுதியிருக்கிறேன். அதுதான் அவளுக்குக் கிடைத்த ஆறுதல் என்பது எனக்குத் தெரியவே இல்லை. உள்ளே இருந்து எழுதியதாக நீங்கள் பாராட்டினீர்கள், நானும் நம்பினேன். நான் வாசற்படியில் பிள்ளையோடு நின்று பார்த்ததை எழுதியிருக்கிறேன். ஜன்னலைவிடக் கொஞ்சம் கிட்டே, அவ்வளவுதான்.

எனக்கு இப்போது வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம். ஒரே வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில் நடந்த ஒன்று இப்படித் தலைகீழாகப் புரிந்திருக்கிறதே. வேறு எதெல்லாம் அப்படி இருக்கும்?

வைத்திலிங்கத்தின் வீட்டுக்குப் போய், இரண்டு அத்தியாயமும் இருக்கட்டும் என்றேன். "உங்களுக்கு எடுக்கற விழாவுல உங்களையே கொற சொல்ற மாதிரி ஆயிடுமேய்யா" என்று கத்தினார். அப்படியானால் விழா வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம், காபிகூடக் கொடுக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அத்தியாயம் எப்படி முடிகிறது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது.

கலைவாணன்


லாஸ்பேட்டை
9 அக்டோபர் 2007

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் மட்டும் தவறவிடவில்லை. நான் நகல் எடுத்து வைத்திருந்த தனத்தின் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். வலி என்ற சொல்லே இல்லாததை நானும் கவனிக்கவில்லை. வேம்புவின் கூடை கனத்ததா என்று கேட்டவள், தனத்துக்கு வலித்ததா என்று கேட்கவில்லை. ஈரத்தைப் பார்த்ததும் இது உள்ளிருந்து எழுதியது என்று முடிவு கட்டிவிட்டேன். பெண் என்பதாலேயே எனக்கு இதெல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறேன் போல. அதையும் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். வைத்திலிங்கம் சார் அந்தப் பத்தியைத்தான் மறுபடி மறுபடி படித்தார். "உன்னையே நீ குத்தம் சொல்லிக்கறியே, இது ஆராய்ச்சியில வரலாமா?" என்றார். வரலாம் சார் என்றேன். கடைசியில் தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார். 'இடுப்பு' என்ற சொல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் தாளில் வேண்டாமாம். 'கலைவாணன் நாவல்களில் பெண் உடல்: பார்வையும் பாரமும்' என்று வைத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

அமுதவல்லி அம்மாவைப் பார்க்க வெள்ளிக்கிழமை சாரத்துக்கு வந்தேன். நீங்கள் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தீர்கள். என்னை நேரில் வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் நேரே சமையலறைக்குப் போய்விட்டேன். அமுதவல்லி அம்மா யோசித்து முடித்திருந்தார். அவர் போட்ட நிபந்தனை இது: "தனம் நான்தான்னு எங்கயும் எழுதக் கூடாது. அந்தப் புத்தகத்தப் படிச்ச ஒருத்தி இப்படிச் சொன்னான்னு எழுது. என் பேரப் போடு."

அதன்படியே அடிக்குறிப்பில் 'அமுதவல்லி, வாசகர், சாரம். நேர்காணல்' என்று போட்டிருக்கிறேன். நீங்களும் நானும் தவறவிட்டதைக் கண்டுபிடித்தவர் என்ற முறையில் அந்தப் பகுதியின் வாதம் முழுக்க அவருடையதுதான்.

பெண் பார்த்தவர்கள் இன்னொரு தடவை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் இளைக்க வேண்டும் என்று என் அம்மா தினமும் வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார். கொஞ்ச நாள் குடித்தேன். பிறகு வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பையன் என்னைவிடத் தொப்பைதான்" என்று தானாகவே சொன்னார்.

ஒரு வேண்டுகோள். 'பட்டறைத் தெரு'வை மறுபதிப்பு செய்யுங்கள். நான் எழுதியதைச் சரிபார்க்க வாசகருக்குப் புத்தகம் வேண்டும்.

ஹேமலதா


சாரம்
3 பிப்ரவரி 2008

அன்புள்ள ஹேமலதாவுக்கு,

ஆய்வேட்டை முழுக்கப் படித்தேன். பல இடங்களில் ஓரத்தில் சண்டை போட்டிருக்கிறேன். தனியாக அனுப்புகிறேன். ஆசையைப் பற்றி நான் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். வேம்பு அத்தியாயத்தில் என்னால் மறுக்க முடியாத பக்கங்களை மடித்து வைத்திருக்கிறேன், அவை நிறைய.

விழா வேண்டாம் என்றாலும் நண்பர்கள் விடவில்லை, சின்னதாக நடத்தினார்கள். வைத்திலிங்கம் மனசு கேட்காமல் மாலையோடு வந்துவிட்டார். நீங்கள் கட்டுரை வாசித்தபோது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டே வந்ததால், எந்த இடத்தில் சபை அசைந்தது என்பது மட்டும் தெரிந்தது.

மறுபதிப்பு விஷயம். விழாவுக்கு வந்த சென்னைப் பதிப்பாளர் ஒருவர் 'பட்டறைத் தெரு'வைக் கேட்டார். உங்கள் ஆய்வு வந்த நேரம், நன்றாகப் போகும் என்றார். என் புத்தகங்களில் அது ஒன்றுதான் எனக்குப் பின்னாலும் இருக்கும் என்று நினைப்பவன் நான். சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்தார், கேலி என்று நினைத்துக்கொண்டார்.

அமுதவல்லியிடம் கேட்டேன். பொங்கல் கழியட்டும் என்றாள். பொங்கல் கழிந்தது. திரும்பக் கேட்கவில்லை, காத்திருந்தேன். போன திங்களன்று அவளாகவே வந்து, "வேணாம்" என்றாள்.

வலியைச் சேர்த்து அந்த இடத்தைத் திருத்தி எழுதினால் சம்மதமா என்று கேட்டேன். "அதுவும் வேணாம். அது எனக்குத் தெரியும், போதும்" என்றாள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதியவன் நான் என்ற எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. பிறகு பதிப்பாளருக்கு இல்லையென்று எழுதிப் போட்டேன். உங்களுக்கும் ஏமாற்றமாக இருக்கும். வாசகர் சரிபார்க்க முடியாத ஒரு நாவலைப் பற்றி நீங்கள் எழுதியதாகவே இருக்கட்டும்.

இதை எழுத உட்காரும் முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். காலையில் கூடத்துக்கு வந்தால் அமுதவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு 'கழிமுகத்து வேம்பு'வைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் அங்கேயே நின்றேன். உங்கள் ஆய்வைப் படித்த பிறகு எடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன், எனக்குத் தெரியாது. வேகமாகப் படிக்கிறாள். நடுவில் ஓரிடத்தில் அவள் தோள் குலுங்கியது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. எட்டிப் பக்கத்தைப் பார்த்தேன். வேம்புவிடம் ஆதிமூலம் முதல்முதலாகப் பேசும் இடம். அங்கே சிரிப்பதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. 'என்ன பார்த்தாள்?' என்று ஆதிமூலத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நினைவுக்கு வந்தது.

"என்னா?" என்று கேட்டேன்.

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினாள். "முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றது உதட்டசைவில் தெரிந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது.

அன்புடன்,
கலைவாணன்